காசும் வேண்டும், கையெழுத்தும் வேண்டுமா?

வெளிநாட்டுப் பயணத்துக்குச் சைக்கிளைக் கொண்டுபோனால் விமானத்தில் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். சரி, பெரிய பெட்டி, இடத்தை அடைக்கும், கட்டுகிறோம். ஆனால் காசை வாங்கிய அதே கவுன்டரில் ஒரு டேக்கை நீட்டி, “சேதமானால் நாங்கள் பொறுப்பில்லை, கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பொறுப்பே ஏற்க மாட்டீர்கள் என்றால் அந்தக் கூடுதல் காசு எதற்கு?

அந்தப் பெட்டிக்குள் சைக்கிளை அடக்க நாங்கள் படும் பாடு கொஞ்சமா? இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும், பார்த்துத்தான் கழற்ற வேண்டும். ஹேண்டில்பாரைக் கழற்றி ஃபிரேமோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் துண்டைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் லிவர் அழுந்தி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் கழற்றிய ஃபோர்க்குக்கு நடுவில் ஒரு முட்டு. செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் டெரெய்லரைக் கழற்றி, சுற்றி, ஃபிரேமின் உள்பக்கமாகக் கட்ட வேண்டும். குழாய்க்குக் குழாய் ஃபோம். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 23 கிலோவுக்குள் நிற்க வேண்டும்.

இதற்கு நடுவில், டயர் வெடித்துவிடும், காற்றை முழுக்க இறக்கு என்று ஒரு பிடிவாதம். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு. வெளியே காற்றே இல்லாமல் போனால்கூட வித்தியாசம் 14.7 பிஎஸ்ஐதான். காற்றில்லாத டயரால் ரிம்முக்கு என்ன பாதுகாப்பு?

‘இந்தப் பக்கம் மேலே’ என்று எல்லாப் பக்கமும் அம்புக்குறி போட்டாலும் பெட்டியைப் படுக்கப்போட்டு மேலே சூட்கேஸை அடுக்குகிறார்கள். கடைசியாகப் போன பயணத்தில் திறந்து பார்த்தால் டெரெய்லர் ஹேங்கர் வளைந்து கிடக்கிறது. டெரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும், விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு அது. அது லேசாக வளைந்தாலே கியர் ஒழுங்காக விழாது. ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் போக்ஸ் கம்பிக்குள் சிக்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஹேங்கரின் வடிவம் வேறு, போன இடத்தில் கடை கடையாக ஏறினாலும் கிடைப்பதில்லை. புகார் சொன்னால், “நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே” என்று பதில் வருகிறது. வயிறு எரிகிறது.

அந்தக் கையெழுத்தைக் காட்டி மிரட்டினால் அடங்கிப் போகாதீர்கள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு இடையே பறக்கும்போது, ஒப்படைத்த லக்கேஜின் சேதத்துக்கு விமான நிறுவனம்தான் பொறுப்பு என்கிறது 17ஆவது பிரிவு. பொருளின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு அந்தப் பிரிவில் விலக்கு உண்டு. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை எதுவும் செல்லாது என்று 26ஆவது பிரிவும் சொல்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு).

ஆனால் புகாரை 7 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். சைக்கிளில் கிளம்பியவன் அந்த 7 நாளும் ஏதோ ஒரு மலைப்பாதையில் இருப்பான்! அதனால் பெட்டியை விமான நிலையத்திலேயே பிரியுங்கள். படம் எடுங்கள், புகார் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பின்னால் வரிசை நீண்டால் நீளட்டும். முத்திரை விழாமல் அந்தக் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.