பி4 ஆடிய பிள்ளையைத் திட்டாதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் சதுரங்கப் போட்டி. தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து ஐந்து பிள்ளைகளை முதல் பஸ்ஸில் அழைத்துச் சென்றிருந்தேன். நான்காவது சுற்றில் எங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வெள்ளைக் காய்கள். எதிரே நகரத்துப் பாடசாலை மாணவன் ஒருவன். மணிக்கூட்டை அழுத்தியதும் அவள் ராணிப் பக்கக் குதிரையின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, பி4இல் வைத்தாள். (பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்; பி4 என்பது அப்படி ஒரு கட்டம். காயின் பெயர் இல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால், சிப்பாய் அங்கே நகர்ந்தது என்று பொருள்.)

பின்னால் நின்ற ஒரு பயிற்றுநர் மற்றவர்களுக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இதெல்லாம் ஓர் ஆட்டமா? நடுக் கட்டங்களைப் பிடிக்க வேண்டும் என்றுகூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. 31ஆவது நகர்வில் வென்றாள். வெளியே வந்தபோது அதே மனிதர் அவளை நிறுத்தி, "அதிர்ஷ்டம் இருந்தது, வென்றுவிட்டாய். இனியாவது முறையாக ஆடப் பழகு" என்றார். திரும்பும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவு வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டாள்: "சேர், நான் ஆடியது பிழையா?"

பிழை இல்லை மகள் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பயிற்றுநரைப் போல நினைப்பவர்கள் நம் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நம் ஆசிரியர்களிலும் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக.

பி4க்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1924இல் நியூயோர்க்கில் நடந்த பெரும் போட்டியின்போது சவியெல்லி டார்டகோவர் என்ற மேதை அங்குள்ள பிராங்ஸ் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். சூசன் என்ற ஓராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து, ஹங்கேரி வீரர் மரோசிக்கு எதிராக இந்த நகர்வை ஆடினார். அன்றிலிருந்து இதற்கு ஓராங்குட்டான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆட்டத்தில் டார்டகோவர் தோற்றார். ஆனால் பின்னாளில் அலெக்சி சொகோல்ஸ்கி என்ற சோவியத் வீரர் இந்த ஒரே நகர்வை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்று பல நாடுகளில் இதை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். இன்றைய கணினி நிரல்களிடம் கேட்டாலும் ஆட்டம் ஏறக்குறைய சமம் என்றுதான் சொல்கின்றன. முதலில் ஆடுவதால் வெள்ளைக்கு இருக்கும் சிறு சாதகத்தை விட்டுக்கொடுக்கிறோம், அவ்வளவே.

நடுக் கட்டங்களைப் பற்றி அந்தப் பயிற்றுநருக்குக் கவலை. கறுப்பு இ5 ஆடுகிறது. வெள்ளை மந்திரி பி2க்கு வந்து அந்தச் சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு மந்திரி பி4ஐ வெட்டினால், வெள்ளை மந்திரி இ5ஐ வெட்டும். கணக்குப் பாருங்கள்: ஓரத்துச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்கியிருக்கிறோம். அதற்கு விலை உண்டு. கறுப்புக் காய்கள் விரைவாக வெளியே வந்துவிடும், ராஜா சீக்கிரம் கோட்டை கட்டிவிடும், அதாவது யானையோடு சேர்ந்து ஒரே நகர்வில் ஓரத்துக்குப் பாதுகாப்பாக ஒதுங்கிவிடும். ஆனால் பத்து நகர்வு கழித்து நடுவில் கூடுதல் சிப்பாய் யாரிடம் இருக்கிறது? வெள்ளையிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வெட்டவில்லை. இ5ஐக் காப்பாற்ற எஃப்6 ஆடினான். பலரும் பதற்றத்தில் ஆடும் நகர்வு அது. அவள் பி4ஐ அப்படியே விட்டுவிட்டு இ4 தள்ளினாள். அவன் சிப்பாயை வெட்டினான். அவள் அடுத்த மந்திரியை சி4க்குக் கொண்டுவந்தாள். அந்த இடத்தில் எனக்கு மெய் சிலிர்த்தது. எஃப் சிப்பாய் நகர்ந்துவிட்டதால் சி4இலிருந்து ஜி8 வரை பாதை திறந்து கிடக்கிறது. கறுப்பு ராஜாவால் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. ஒரு சிப்பாயைக் கொடுத்து ராஜாவை நடுவில் நிறுத்திவைத்தாள். கடைசிவரை அது அங்கேயே நின்றது. நகரத்துப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம் இரண்டாவது நகர்வோடு முடிந்துபோனது. அவளுக்குத் தெரிந்தது அங்கேதான் தொடங்கியது. இதையா அதிர்ஷ்டம் என்பது?

நம் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் பயிற்றுநர் வைத்துப் படிக்கும் பிள்ளைகள் சிசிலியன், ரூய் லோபஸ் என்ற பிரபலமான தொடக்க ஆட்டங்களில் பதினைந்து நகர்வுகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் கணினி, அதில் லட்சக்கணக்கான ஆட்டங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குத் தொலைபேசியில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டு லயனுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியடிக்கு ஏறிப் போக வேண்டும். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம், வாசிகசாலையில், ஆறு பேருக்கு இரண்டு பலகைகள். இந்த நேரத்தில் சிசிலியனின் கிளைகளை எல்லாம் எப்படிப் படித்து முடிப்பது? எதிராளி ஐந்து வருடமாக நடந்து பழகிய பாதையில் எங்கள் பிள்ளை ஏன் தடுக்கி விழ வேண்டும்? பழகாத காட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வரட்டும். அங்கே இருவரும் சொந்த மூளையால்தான் யோசிக்க வேண்டும்.

உலகச் சாம்பியனுக்கே இது நடந்திருக்கிறது. 1980, சுவீடனின் ஸ்காரா நகரம், ஐரோப்பிய அணிகள் போட்டி. அனத்தோலி கார்ப்போவ் இ4 ஆடினார். இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 என்று பதில் சொன்னார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். கார்ப்போவ் டி4, மைல்ஸ் பி5. நடுக் கட்டங்கள் முழுவதையும் சாம்பியனிடம் விட்டுவிட்டு ஓரத்தில் இரண்டு சிப்பாய்கள். 46ஆவது நகர்வில் கார்ப்போவ் தோற்றார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் சுல்தான் கான். பஞ்சாபில் பிறந்து, உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபுவோடு 1929இல் லண்டன் போனவர். அவர் சிறுவயதில் பழகிய இந்தியச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ஆகவே ஐரோப்பியர்களின் தொடக்க நகர்வுகள் எல்லாம் அவருக்குப் புதிது. போன அதே வருடம் பிரித்தானியச் சாம்பியன் ஆனார். 1932இலும் 1933இலும் மீண்டும் ஆனார். ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் கப்பாபிளாங்காவையே வென்றார். ஒரு நிலப்பிரபுவின் தயவில் போன ஒரு மனிதர், துரைமார்களின் விளையாட்டில், அவர்களுடைய ஏட்டுப் படிப்பு இல்லாமல் வென்றார். அவருக்கு உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல்தான், அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து. லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் குழுவிலேயே ஒரு பையன் காணொளி பார்த்து எங்லண்ட் கேம்பிட் கற்றுக்கொண்டு வந்தான். டி4க்கு இ5. சிப்பாயைக் கொடுத்துவிட்டு, ராணியைக் கொண்டுபோய் பி2ஐ வெட்டி, எதிராளி ஆறாவது நகர்வில் மந்திரியை சி3இல் வைத்தால் எட்டாவது நகர்வில் செக்மேட். நான்கு பேர் அதில் விழுந்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாவது ஆள் மந்திரிக்குப் பதிலாகக் குதிரையை சி3இல் வைத்தான். அதற்கப்புறம் என்ன செய்வது என்று பையனுக்குத் தெரியவில்லை, ராணி சிக்கித் தவித்தது. அது கண்ணி. எதிராளி விழுந்தால்தான் பிழைப்பு. அதை நான் எங்கள் வாசிகசாலையில் ஊக்குவிப்பதில்லை. முதல் நகர்விலேயே ஜி4 தள்ளுவதையும் அப்படித்தான்: ராஜாவின் கூரையைத் தானே பிரித்துப் போடும் வேலை. சுவிஸ் வீரர் ஹென்றி கிரோப் அதை வாழ்நாள் எல்லாம் ஆடினார், இங்கிலாந்தின் மைக்கேல் பாஸ்மன் அதோடு சர்வதேச மாஸ்டர்களை எதிர்த்து நின்றார். அவர்களுக்கு அதன் ஒவ்வொரு சந்தும் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

நல்ல நகர்வும் தண்டிக்கப்படும் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக்கூடாது. 1970இல் பெல்கிறேட்டில் டென்மார்க்கின் பென்ட் லார்சன் முதல் நகர்வாக பி3 ஆடினார். அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி யானையைத் தூக்கி எச்1இல் பலி கொடுத்து 17 நகர்வில் முடித்துவிட்டார். 2005இல் அமெரிக்காவின் நாகமுரா இரண்டாவது நகர்விலேயே ராணியை எச்5க்குக் கொண்டுவந்தார். எதிரே இருந்தவர் சென்னையின் கிருஷ்ணன் சசிகிரண். சலனமில்லாமல் காய்களை வெளியே எடுத்தார், 87 நகர்வு பொறுமையாக ஆடி வென்றார். அந்த இரண்டு ஆட்டங்களையும் எங்கள் பிள்ளைகள் பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எதிராளி சிரிக்காமல், பதறாமல், மதித்து ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு அவை சாட்சி. அந்தப் பயிற்றுநரும் தன் மாணவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அன்றைக்கு அவன் எஃப்6 ஆடியிருக்க மாட்டான்.

அடுத்த மாதம் கண்டியில் போட்டி. ஹட்டனில் ஆடியதைப் பார்த்தவர்கள் இந்தமுறை ஆயத்தமாக வருவார்கள், ஆகவே இப்போதே மாற்றிவிடு என்று நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னார். மாற்றப் போவதில்லை. நேற்று மாலை மழைக்குள் அவள் கொப்பியோடு வாசிகசாலைக்கு வந்தாள். பி4க்குக் கறுப்பு டி5 ஆடி, மந்திரி பி2க்கு வந்ததும் ராணியை டி6இல் வைத்தால்? அங்கிருந்து ராணி பி4ஐயும் தாக்குகிறது, இ5க்கும் ஆதரவு தருகிறது. ஏ3 ஆடி பி4ஐக் காத்தால் கறுப்பு இ5 தள்ளிவிடும், நம் மந்திரியின் பாதை அடைபட்டுவிடும். "இதை யாராவது ஆடினால் என்ன செய்வது சேர்?" என்று கேட்டாள். இருட்டும்வரை பார்த்தோம். மூன்று பதில்கள் கிடைத்தன, இரண்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகளுடன் ஆடிப் பார்க்கப் போகிறோம்.