நாத்துக்கு வயசு என்னன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

வயிறு எரியுது. நாப்பது குழித்தட்டு, தட்டுக்கு 98 குழி. அரை ஏக்கருக்குன்னு வளர்த்த தக்காளி நாத்து மொத்தமும் ரெண்டே நாள்ல போச்சு. பூச்சி இல்ல, நோய் இல்ல. யூரியா.

முளைச்சு பத்து நாள்கூட ஆகல. நான் ஒரு சாவுக்காகக் குடியாத்தம் போயிருந்தேன். நாத்து லேசா வெளுத்திருக்கேன்னு தம்பி உரக்கடைக்கு ஓடியிருக்கான். "இன்னா பயிரு?" தக்காளின்னு சொல்லியிருக்கான். "யூரியா தூவி தண்ணி உடுப்பா, மூணு நாள்ல கருகருன்னு வந்துடும்." முடிஞ்சுது வைத்தியம்! எத்தினி நாள் நாத்து, தட்டுல இருக்கா பாத்தியில இருக்கா, எத்தினி இலை விட்டிருக்கு, ஒண்ணும் கேட்கல. மூட்டையில 266 ரூபா 50 காசுன்னு அச்சடிச்சிருக்கு. ஆனா டானிக் பாட்டிலும் சேர்த்து வாங்கினாதான் யூரியாவாம். பில்லும் கிடையாது.

தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. கடைக்காரர் சொன்னா அதுதான் வேதம்னு நம்புற ஊரு இது. அந்த நம்பிக்கையைக் காசாக்குறாங்களே, அதைத்தான் தாங்க முடியல.

காலையில நிழல்வலையைத் தூக்கிப் பார்க்கிறேன், இலை நுனியெல்லாம் நெருப்புக்குச்சியால சுட்ட மாதிரி கருகியிருக்கு. தண்டு அடியில வெள்ளை யூரியா மணி இன்னும் முழுசா கரையாம ஒட்டிக்கிட்டு கிடக்கு. ஒரு நாத்தை உருவினேன். வெள்ளை நூலா இருக்க வேண்டிய வேரு, கொதிக்கவச்ச டீத்தூள் மாதிரி கையோட வந்துச்சு.

ஒரு குழியில, மண்ணுக்குப் பதிலா போடுற தென்னை நார்க்கழிவு ரெண்டு ஸ்பூன் இருக்குமா? அதுல 46 சதம் தழைச்சத்து இருக்கிற யூரியாவைக் கொட்டினா, பிஞ்சு வேரு தண்ணியை எப்படி உறிஞ்சும்? உள்ள இருக்கிற தண்ணியும் வெளிய போயிடும். பத்தாததுக்கு எங்க போர் தண்ணியே உப்பு. மேல வேலூர் வெயில்.

அந்த வயசு நாத்துக்கு உரமே வேண்டாங்க! விதைக்குள்ள இருக்கிற சாப்பாடும் அந்த ரெண்டு விதையிலையுமே அதைத் தாங்கும். விதைச்ச 18ஆம் நாள், தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரத்தை லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு ஊத்தினா போதும், 25 நாள்ல நடலாம். வெளுத்தது பசியாலகூட இல்ல, தட்டுல தண்ணி தேங்கினதால. தட்டைத் தூக்கிப் பார்த்திருந்தா கனமே சொல்லியிருக்கும். விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, இதெல்லாம் அங்க கேட்டா சொல்லுவாங்க. ஆனா அவசரத்துக்குக் கடைதானே பக்கத்துல இருக்கு.

உரம் விக்கிறவங்களே, டானிக்கை அப்புறம் தள்ளிவிடுங்க. முதல்ல நாத்தோட வயசைக் கேளுங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

மறுபடியும் விதைச்சிருக்கேன், இன்னிக்கு ஒன்பதாம் நாள். அந்த மூட்டை நெல்லுக்குப் போகும். தட்டுப் பக்கம் ஒரு யூரியா மணிகூட வராது.