மூலிகையை அப்புறம் கேட்கலாம், எண்ணெயை முதலில் கேளுங்கள்

வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் சோப்பு கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, "இதில் என்ன மூலிகை போட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். குப்பைமேனி இருக்கிறதா, ஆவாரம்பூ இருக்கிறதா, கற்றாழை இருக்கிறதா, குங்குமப்பூ சேர்த்தால் நிறம் கூடுமா என்று விசாரிப்பார்கள். என்ன எண்ணெய் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காஸ்டிக் சோடா எவ்வளவு சேர்த்தீர்கள், எத்தனை வாரம் காய வைத்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு சோப்பு தோலுக்கு இதமாக இருக்குமா, வறட்டுமா, எரிக்குமா என்பதைத் தீர்மானிப்பவை யாரும் கேட்காத இந்த மூன்றுமே என்பதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறிய பொருள். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தோடு, அதாவது காஸ்டிக் சோடாவோடு, வினைபுரிந்து சோப்பாகின்றன. கூடவே கிளிசரின் பிரிந்து வருகிறது. வினை முழுமையாக முடிந்துவிட்டால் காஸ்டிக் சோடா என்ற பொருள் அந்தக் கட்டியில் இருப்பதில்லை. ஆனால் அப்படி முடிவதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும், அந்த அளவோ எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படுகிறது. அதே ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு 134 கிராம் போதும், விளக்கெண்ணெய்க்கு 128 கிராம் அளவில் முடிந்துவிடும்.

இந்த வேறுபாட்டை நான் பாடமாகப் படித்துக் கற்கவில்லை. முதன்முதலில் பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பில், அரைக் கிலோ எண்ணெய்க்கு 87 கிராம் காஸ்டிக் சோடா என்று குறிப்பு கொடுத்தார்கள். எந்த எண்ணெய்க்கு என்று எழுதவில்லை. கேட்டபோது, "எந்த நல்ல எண்ணெயாக இருந்தாலும் சரி" என்று பதில் வந்தது. நான் வீட்டில் இருந்த செக்கு நல்லெண்ணெயில் செய்தேன். அந்த அளவு தேங்காய் எண்ணெய்க்கானது என்பதும், நல்லெண்ணெய்க்கு அதில் இருபது கிராம் மிச்சமாக நிற்கும் என்பதும் எனக்குத் தெரியாது. கட்டி பார்க்க அழகாக, மஞ்சள் வெண்ணெயைப் போல இருந்தது. மேலே ஆங்காங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்ததையும் நான் பொருட்படுத்தவில்லை. முதல் கட்டியை என் அத்தைக்குத்தான் கொடுத்தேன். பாத்திரம் கழுவிக் கழுவி விரலிடுக்குகளில் வெடிப்பு கண்டிருந்த கை அவருடையது. குளியலறையிலிருந்து வெளியே வந்தவர், "என்ன கண்ணு போட்டே இதுல, கையெல்லாம் தீயா எரியுது" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்தக் கைகள் சிவந்திருந்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சோப்பில் துளசியும் வேப்பிலையும் அரைத்துச் சேர்த்திருந்தேன். அவை எதையும் காப்பாற்றவில்லை.

அன்றிலிருந்து கிராம் காட்டும் தராசு இல்லாமல் நான் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தொடுவதில்லை. கப் கணக்கு, டம்ளர் கணக்கு, கண்ணளவு ஆகியவை சாம்பாருக்குச் சரி, இதற்குச் சரிவராது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் உரிய அளவைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டி, அதிலிருந்து ஐந்து முதல் எட்டு விழுக்காடு காரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். அப்படிக் குறைத்தால்தான் சிறிது எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சித் தோலுக்குப் பாதுகாப்பாக நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு செய்திகளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அருகிலேயே வைக்கக் கூடாது, ஏனென்றால் காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல், பிள்ளைகள் விளையாடும் சமையலறையில் நின்றுகொண்டு இதைச் செய்து காட்டும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். நாங்கள் இருப்பது காங்கேயம் பக்கம் என்பதால் கொப்பரைக்குப் பஞ்சமில்லை. கந்தகப் புகை போடாத கொப்பரையாகக் கேட்டு வாங்கி ஆட்டிக்கொள்கிறோம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். கட்டி கெட்டியாக அமைவதற்கும், உப்புத் தண்ணீரில்கூட நுரை பொங்குவதற்கும் காரணம் அதுதான். ஆனால் அதே லாரிக் அமிலத்திலிருந்து வரும் சோப்பு அழுக்கோடு தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. "நூறு சதவீதம் சுத்தமான தேங்காய் எண்ணெய் சோப்பு" என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படுவதை வாங்கிப் போட்டுவிட்டு, முழங்காலில் வெள்ளை படிகிறது என்று வருந்துகிறவர்கள் பலர். தேங்காய் எண்ணெய் தலைக்கும் உடம்புக்கும் எவ்வளவு இதமோ, சோப்பாக மாறிய பிறகு அவ்வளவு கடுமையானது. எண்ணெயாக இருக்கும்போது உள்ள குணமும் சோப்பான பின் வரும் குணமும் வேறு வேறு என்ற இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் புரிந்துகொண்டால், எத்தனையோ வீண் செலவு மிச்சமாகும்.

ஆகவே தேங்காய் எண்ணெயைப் பாதியோடு நிறுத்தி, மீதியைக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற மென்மையான எண்ணெய்களால் நிரப்புகிறேன். அவற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நல்லெண்ணெயில் எளிதில் கெட்டுப்போகும் லினோலிக் அமிலம் மிகுதி. அளவு கூடினால் கட்டி இளகும், சில மாதங்களில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்து சிக்கு வாடை அடிக்கும். விளக்கெண்ணெய் தனி ரகம். அதில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்கும் மேலாக இருக்கும் ரிசினோலிக் அமிலம் நுரையைச் சட்டென்று அடங்கிவிடாமல் பிடித்து வைக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு போட்டால் நுரை பாலாடை போல நிற்கும். இருபதைத் தாண்டினால் கட்டி பிசுபிசுக்கத் தொடங்கும். வேப்பெண்ணெயின் வாசனை ஆறு வாரம் காய்ந்த பிறகும் போவதில்லை, அதைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் தனியாகச் செய்து கொடுக்கிறேன். ஒரு காலத்தில் கோயில் விளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் எரிந்த இலுப்பெண்ணெய், லேசான குளிருக்கே உறைந்துபோகும் தன்மையுடையது. அதனாலேயே கட்டிக்கு நல்ல உறுதியைத் தருகிறது. கப்பலில் வரும் ஷியா வெண்ணெய்க்குக் கொடுக்கிற விலையில் பாதியை நம் இலுப்பைக்குக் கொடுத்தால் வெட்டப்படாமல் சில மரங்களாவது நிற்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இப்போது எல்லோரும் கேட்கும் மூலிகைகள். மஞ்சளை எடுத்துக்கொள்வோம். திருமண வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் ஒரு துளி சுண்ணாம்பைக் குழைத்தவுடன் அது குருதிச் சிவப்பாக மாறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சளிலுள்ள குர்குமின் நிறம் மாறும். சோப்புக் கலவையில் நடப்பதும் அதேதான். கூழ் பதத்தில் இருக்கும் கலவையின் மேல் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தூவிக் கிளறினால், கரண்டி போன வழியெல்லாம் செங்கல் நிறத்தில் கோடு விழும். சில வாரங்களில் அது பழுப்பாகி, வெயில் பட்டால் வெளுத்தும் போகும். காரத்தில் குர்குமின் வெகு விரைவில் சிதைந்துவிடுகிறது. சிதைந்த பொருளிடம் மஞ்சளின் குணத்தை எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்? செம்பருத்தியும் பீட்ரூட்டும் போட்ட சிவப்பு நிற்காமல் பழுப்பாகிவிடும். பச்சை இலைகள் எவ்வளவு பசுமையாக அரைத்துப் போட்டாலும் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்து சேரும். நிலைத்து நிற்பவை கரித்தூள், காவி மண், முல்தானி மிட்டி, அவுரி நீலம் போன்ற சிலவே.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பவர்கள் அதைவிடப் பெரிய பிழையைச் செய்கிறார்கள். எலுமிச்சையின் அமிலம் காரத்தோடு முதலில் சேர்ந்து சோடியம் சிட்ரேட் என்ற உப்பாகிவிடும். எண்ணெய்க்குப் போக வேண்டிய காரத்தில் ஒரு பகுதி அங்கே செலவாகிவிடுவதால் கணக்கு தவறி, கட்டி இளகி நிற்கும். அதில் வைட்டமின் சி இருக்கிறது என்று சொல்லி விற்பது முறையற்றது. ஆட்டுப்பாலும் தேனும் சேர்க்கலாம். அவற்றின் சர்க்கரை கலவையைச் சூடேற்றிக் கருக்கிவிடும் என்பதால் நான் பாலை உறைய வைத்துச் சேர்க்கிறேன். நுரை செழுமையாக வருகிறது. அதற்குமேல் எந்த வாக்குறுதியையும் நான் பாலின் பெயரால் யாருக்கும் கொடுப்பதில்லை. சரியாகச் செய்த சோப்பு எதுவானாலும் அமிலமா காரமா என்று காட்டும் அதன் பி.எச். அளவு ஒன்பதை ஒட்டியோ பத்தை ஒட்டியோதான் இருக்கும். தோலின் மேற்பரப்போ ஐந்தை ஒட்டிய அமிலத்தன்மை உடையது. சோப்பு தோலில் அரை நிமிடம் தங்கித் தண்ணீரோடு போய்விடுகிற பொருள்.

மூலிகை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குரிய இடம் வேறு என்பதே என் கருத்து. பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ் எல்லாம் காய வைத்து அரைத்த குளியல் பொடியில் காரம் இல்லை, ஆகவே மூலிகை மூலிகையாகவே தோலைச் சேர்கிறது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் தங்களுக்குள் இருக்கும் சபோனின் என்ற நுரைக்கும் பொருளாலேயே நுரைத்து அழுக்கை எடுக்கின்றன. இவற்றிலும் கவனம் தேவை. குளியல் பொடிப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் கார்போக அரிசியில் சோராலென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். தேய்த்து உடனே கழுவிவிடுவது வேறு, முகத்தில் பற்றுப் போட்டு மொட்டை மாடியில் காய்வது வேறு. எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்குக் கருந்திட்டு விழுவதும் இதே வகைப் பொருள்களால்தான். அதேபோல, கற்றாழைச் சதையும் பன்னீரும் எண்ணெயும் அடித்து வீட்டிலேயே செய்யும் கிரீம்களைக் குறித்தும் சொல்ல வேண்டும். தண்ணீர் உள்ள எந்தப் பண்டமும் பதப்படுத்தும் பொருள் இல்லாமல் நாள்கணக்கில் கெட்டுவிடும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கிருமிகள் பெருகியிருக்கும். அதைக் குழந்தையின் கன்னத்தில் தடவுவதை என்னால் ஏற்க முடியாது. காய்ந்த பொடியும் தண்ணீர் படாத எண்ணெயும் அலமாரியில் நிற்கும். மற்றவற்றை அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்க்க வேண்டும்.

நல்ல எண்ணெய் வாங்கப் பணம் இருந்தால், அதில் பெரும்பகுதியைச் சோப்பில் போடாமல் குளித்த பின் ஈரத் தோலில் தடவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன். தேங்காய் எண்ணெய் நான்கைந்து துளி போதும், முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் அதைத் தவிர்க்கலாம். விலை உயர்ந்தது என்பதற்காக ஆலிவ் எண்ணெயைக் குழந்தைக்குத் தேய்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்து 2013இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், பெரியவர்கள் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெயைத் தடவிவந்தபோது தோலின் மேலடுக்கு வலுக்குறைந்தது தெரியவந்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் அப்படி ஆகவில்லை. விலையும் பெயரும் பார்த்துத் தோல் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை.

"கெமிக்கல் இல்லாத சோப்பு", "காஸ்டிக் சோடா சேர்க்காத சோப்பு" என்று விற்பவர்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. கடையில் வாங்கிய சோப் பேஸை, அதாவது ஏற்கெனவே செய்து முடித்த சோப்புக் கட்டியை, உருக்கி, மோல்டில் ஊற்றி, மேலே நான்கு இதழ் தூவியவர் காஸ்டிக் சோடாவைத் தொடாமல் இருக்கலாம். அந்த பேஸைத் தயாரித்தவர் தொட்டிருக்கிறார். கடைச் சோப்பு வாங்குகிறவர்களும் உறையைத் திருப்பிப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தர டாய்லெட் சோப்புக்கு மொத்தக் கொழுப்புப் பொருள் (TFM) 76 விழுக்காடாவது இருக்க வேண்டும். "பாத்திங் பார்" என்று அச்சிட்டிருந்தால் 40 விழுக்காடு இருந்தாலே போதும். அந்த எண்ணும்கூட மென்மையைச் சொல்லிவிடாது, ஏனென்றால் லாரிக் அமிலம் மிகுந்த சோப்பும் அந்தக் கணக்கில் முதல் தரத்தில் தேறிவிடும். வீட்டில் செய்து விற்க விரும்புகிறவர்கள் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். சேர்மானம், தயாரித்த தேதி, தொகுதி எண் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். இது சிறு தொழில் செய்யும் பெண்களுக்குச் சுமைதான் என்பதை நான் அறிவேன். ஆனாலும் யாருடைய தோலிலோ படப்போகிற பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய கட்டிகள் இப்போது மூங்கில் தட்டில் அடுக்கி இருக்கின்றன. ஒரு கிலோ எண்ணெயில் தேங்காய் 500, கடலை 250, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100 கிராம். காஸ்டிக் சோடா ஏழு விழுக்காடு குறைத்து 147 கிராம். மூலிகை எதுவும் இல்லை. ஐந்தாவது வாரம் முடிந்ததும் முதல் கட்டியை நான் என் கையில் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பேன், அதன் பிறகுதான் அத்தையிடம் கொடுப்பேன். உறையில் இந்த அளவுகளை அப்படியே எழுதி ஒட்டப்போகிறேன்.