பேரம் வேறு, பொய் வேறு

தாம்பரம் பக்கம் நண்பர் ஒருவர் வாங்கிய வீட்டில், வெள்ளம் வந்ததை விற்றவர் மறைத்துவிட்டார். அந்த விவகாரத்தில் இங்கே இரண்டு நாளாக நடக்கும் பஞ்சாயத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர், அதுவும் நான் மரியாதை வைத்திருக்கும் ஒருவர், "வாங்குறவன் கண்ணைத் தொறந்து வாங்கணும், வித்தவன் மேல என்ன தப்பு?" என்று எழுதினார். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

நண்பர் வீடு பார்க்கப் போனபோது கேட்டது ஒரே கேள்வி. "2015 வெள்ளத்துல இங்க தண்ணி வந்துச்சா?" விற்றவர் சொன்ன பதில்: "தெருமுனையோட நின்னுடுச்சு சார், வாசப்படி கூட நனையல." பத்திரம் பதிந்து, குடிவந்து, பழைய மர அலமாரியை நகர்த்தினால் பின்னால் இடுப்பு உயரத்தில் பழுப்புக் கோடு. மற்ற சுவரெல்லாம் புது பெயிண்ட். அலமாரிக்குப் பின்னால் மட்டும் பிரஷ் போகவில்லை. பிளக் பாயிண்டெல்லாம் ஏன் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டிருக்கிறார். "குழந்தைங்க கை வைக்கக் கூடாதுல்ல" என்றாராம் அந்த மனிதர்.

இதைத்தான் பேரம் என்கிறீர்களா?

"எழுபத்தஞ்சுக்குக் கீழ வராது" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் எழுபதுக்குத் தயாராக இருப்பது பேரம். "ராசியான வீடு, இங்க வந்தப்புறம்தான் பையனுக்கு வேலை கிடைச்சுது" என்பது வியாபாரப் பேச்சு. இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்பது யாருடைய அபிப்பிராயமும் இல்லை. நடந்த விஷயம். கேட்டவருக்குத் தெரியாது, சொன்னவருக்குத் தெரியும். தெரிந்தே இல்லை என்றார். அதை நம்பித்தான் இவர் பணம் கொடுத்தார்.

இது என் தனிப்பட்ட நீதி உணர்ச்சி என்று நினைக்காதீர்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைச் சொல்கிறது. உண்மை என்று தான் நம்பாத ஒன்றை, எதிராளியைச் சம்மதிக்க வைப்பதற்காக உண்மை என்று சொன்னால் அது மோசடி, 17-ஆவது பிரிவு. அப்படிச் சம்மதம் வாங்கிப் போட்ட ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். இல்லை, ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் தனக்கு என்ன நிலைமையோ அந்த நிலைமையில் தன்னை வைக்கச் சொல்லியும் கேட்கலாம், 19-ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற சட்டம். நேற்று போட்ட ஒரு கமெண்டால் அதைத் திருத்திவிட முடியாது.

"விசாரிச்சிருக்கணும்ல?" சரி, இதற்கே வருகிறேன். அந்த 19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்றவர் தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தாலோ, வாயே திறக்காமல் இருந்திருந்தாலோ, வாங்குபவர் சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ரத்து செய்ய முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தே வாயால் சொன்ன பொய்க்கு இந்தக் குடை கிடையாது. நண்பர் விசாரிக்காமலும் இல்லை. விசாரித்தார், அதுவும் அந்த வீட்டில் குடியிருந்தவரிடமே. அதைவிடச் சரியான ஆள் வேறு யார்? வில்லங்கச் சான்றிலா வெள்ளக் கணக்கு வரும்?

"பத்திரத்துல எழுதலையே, வாய்ப்பேச்சுதானே?" எழுதிய பத்திரத்துக்கு எதிராக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பது பொது விதி. மோசடி அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. மோசடியை வாய்ச் சாட்சியத்தாலும் நிரூபிக்கலாம்.

"புரோக்கர் சொன்னதுக்கு ஓனர் என்ன பண்ணுவார்?" முகவர் தன் வேலையின் போக்கில் சொன்ன பொய், அவரை வைத்தவரே சொன்ன மாதிரிதான். அதே ஒப்பந்தச் சட்டம், 238-ஆவது பிரிவு. படித்துவிட்டு வாருங்கள்.

வாங்குபவர்கள் மட்டும் யோக்கியமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விற்பவருக்கே தெரியாத, சொத்தில் அவருக்குள்ள உரிமையின் மதிப்பைக் கூட்டும் விஷயம் வாங்குபவருக்குத் தெரிந்தால் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாரும்தான் பொய் சொல்றாங்க என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லவும் விருப்பம் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், எங்கள் அப்பா.

ரிட்டயர்மென்ட் பணத்தில் செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை வாங்கினார். "டிடிசிபி அப்ரூவல் ஆயிடுச்சு சார்", அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது, என்று சொல்லி விற்றார்கள். கையில் கொடுத்த வழவழப்பான நோட்டீஸிலும் அப்படியே அச்சடித்திருந்தது. உண்மையில் இருந்தது பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட சமயத்தில்தான், தங்கை கல்யாணத்துக்காக அதை விற்க அலைந்துகொண்டிருந்தோம். அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. கல்யாணத் தேதி அதுவரை காத்திருக்குமா? அம்மாவின் நகைதான் போனது.

பணம்கூடப் பரவாயில்லை. "கவர்மென்ட் ஆபீஸ்ல இத்தனை வருஷம் ஃபைல் பார்த்த மனுஷன், ஒரு பேப்பரைப் பாக்கத் தெரியலையா?" என்று சித்தப்பா கல்யாண வீட்டிலேயே, சாப்பாட்டுப் பந்தியில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அந்த நோட்டீஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரத்தோடு கடைசி வரை வைத்திருந்தார். வழக்குப் போடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் "நாலு பேர் சிரிப்பாங்கப்பா" என்பார். விற்றவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கெட்டிக்காரன், ஊரையே வித்துட்டான்" என்றார்கள். பொய் சொன்னவன் கெட்டிக்காரன், நம்பியவர் ஏமாளி. நேற்று அந்த லைக்குகளில் நான் பார்த்தது அதே பந்தியைத்தான்.

உங்களில் பலருக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போவது சுலபம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர் அதைப் படிக்கிறார், அவர் மனைவி படிக்கிறார். அவர்களை வெட்கப்பட வைத்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த ஆளிடமும் அதே பொய்யைச் சொல்லலாம் என்கிற தைரியம் விற்றவருக்கு அங்கேதான் வருகிறது.

நண்பருக்கு மட்டும் கடைசியாக. போலீஸில் பெரும்பாலும் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 420, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். வீடு பார்க்க வந்த அன்றே சொன்ன பொய் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். புரோக்கர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், அந்த போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் தெரிந்த பிறகும் பேசாமல் குடியிருந்தால், ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். எனக்குத் தெரிந்த சிவில் வக்கீல் ஒருவர் இருக்கிறார், இன்பாக்ஸுக்கு வாருங்கள், நம்பர் தருகிறேன்.