யார் ஊர் பத்து மணி?

வெவ்வேறு நாடுகளில் இருக்கிற ஏழு பேர் ஒரு மணி நேரம் பேச வேண்டும், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரத்தைக் குறிக்க ஒரு செயலி தேடியே மூன்று நாள் போய்விட்டது. பலவும் ஒருவரிடம் இன்னொருவர் நேரம் வாங்குவதற்கானவை. சரி, எந்த நேரம் வசதி என்று எல்லோரிடமும் வாக்கெடுப்பு வைக்கிற ஒன்று கிடைத்தது. நேரத்தைத் தொட்டதுமே கணக்குத் தொடங்கு, காலண்டரைத் திறந்துவிடு என்கிறது. ஒரு டிக் போட என் காலண்டர் முழுக்க எதற்கு? இருவர் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நேர மண்டலம். அமெரிக்காவில் மார்ச் 2ஆம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் நேர வித்தியாசமே வேறு. 'காலை 10' என்றால் யார் ஊர் 10 என்று பக்கத்திலேயே காட்டக்கூடாதா? போன கூட்டத்துக்கு ஒருவர் ஒரு மணி நேரம் முன்பே வந்து தனியாக உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் மேல் என்ன தப்பு?