கோட்டைக்கு வெளியே இருந்த வீடுகள்

ஒவ்வொரு ஜூலை 10-ஆம் தேதியும் வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் பதிவுகள் வருகின்றன. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே, 1806-லேயே இங்கே சிப்பாய்கள் எழுந்தார்கள் என்று எழுதுகிறோம். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தச் சிப்பாய் ஒரு குடும்பஸ்தன் என்பதை மறந்துவிட்டுப் பேசினால் அந்தப் புரட்சி பாதிதான் புரியும் என்று நினைக்கிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைச் சிப்பாய் பெரும்பாலும் மனைவி மக்களை வடக்கே அவத், பீகார்ப் பக்கத்துக் கிராமத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவான். சென்னைப் படையில் வழக்கமே வேறு. பட்டாளம் எந்த ஊருக்கு மாறினாலும் குடும்பமும் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். சம்பளம் மாதம் இரண்டு வராகன், ரூபாய்க் கணக்கில் 7. அதில்தான் அடுப்பு எரிய வேண்டும். வேலூரில் சிப்பாய்களின் குடிசைகள் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தன. காவல் முறை முடிந்தால் வீடு, மறுபடி கோட்டை. ஏறக்குறைய நம் ஷிப்டு வேலை மாதிரி.

இப்போது புரட்சியைக் கிளப்பிய அந்த உடை உத்தரவுக்கு வருவோம். 1805 நவம்பரில் வந்தது. நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, சீருடையில் கடுக்கன் கூடாது, முஸ்லிம்கள் தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். வெள்ளை அதிகாரிகளுக்கு இது அணிவகுப்பு மைதானத்து விவகாரம். சிப்பாய்க்கு அப்படி இல்லை. அந்தக் கோலத்தோடு அவன் தன் தெருவுக்குள் நடந்து போக வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டும், பங்காளி வீட்டுச் சாவுக்குப் போய் நிற்க வேண்டும். தொப்பி போட்டவன், பறங்கியாகிவிட்டவன் என்று ஊர் ஒதுக்கினால் அவனோடு சேர்ந்து வீடே ஒதுங்கிப்போகும். தலைப்பாகைக்காகவா இத்தனை ரத்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். மே மாதம் மறுத்தவர்களில் ஓர் இந்துவையும் ஒரு முஸ்லிமையும் சவுக்கால் அடித்து வேலையை விட்டே நீக்கினார்கள். பிழைப்பும் போயிற்று.

ஜூலை 9 இரவு. மறுநாள் விடியற்காலையில் அணிவகுப்பு என்பதால், வழக்கமாக வீட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள். நள்ளிரவுக்குப் பின் துப்பாக்கிகள் வெடித்தபோது, அகழிக்கு அந்தப்பக்கம் குடிசைகளில் விழித்துக்கொண்ட பெண்களை யோசித்துப் பாருங்கள். யார் சுடுகிறார்கள், யார் சாகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே 69-வது ரெஜிமென்ட்டின் வெள்ளைச் சிப்பாய்கள் 100-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பலர் படுக்கையிலேயே. அவர்களும் கூலிக்கு வந்த ஏழைகள்தான். அதையும் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் கணக்கு புரண்டது. கோட்டையில் இருந்த அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். புரட்சியில் இறங்கிய மூன்று பட்டாளங்களையும் கலைத்தார்கள்.

கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று இறந்தார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பினார். தாம் பட்ட துன்பத்தைச் சில வாரங்களுக்குள் எழுதியும் வைத்தார். படித்தால் நெஞ்சு பதறும். ஆனால் சிப்பாயின் மனைவி சொல்லி யாராவது எழுதிவைத்ததாக ஒரு வரியைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த 7 ரூபாய் நின்றுபோன மாதம் அவள் எங்கே போனாள், பிள்ளைகளை யார் வளர்த்தார்கள்?

உத்தரவைப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சென்னை ஆளுநர் பெண்டிங்க்கைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். அவர் 1828-ல் கவர்னர் ஜெனரலாகவே மறுபடி இந்தியா வந்தார். கலைக்கப்பட்ட பட்டாளத்துக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு மறுபடி கிடைக்கவில்லை. வேலூரில் நினைவுத் தூண் இருக்கிறது, 2006-ல் தபால்தலையும் வந்தது. அடுத்த ஜூலை 10-இல் மேடையேறுகிறவர்கள் அந்தக் குடிசைகளைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.