கேட்காமலே வெளுக்கும் முகங்கள்

கல்யாண ஆல்பமோ, ஜவுளிக்கடை பிளக்ஸோ, படம் சிஸ்டத்தில் ஏறியதும் முதல் வேலையாக முகத்தை வெளுக்க வைக்கிறோமே, அதை நிறுத்த வேண்டும். டிசைன் வேலையிலேயே இருப்பவனாகச் சொல்கிறேன். பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. நாமாகச் செய்கிறோம்.

டச்சிங், அதாவது எடுத்த படத்தைத் திருத்துவது, ஒன்றும் போட்டோஷாப்போடு வந்ததல்ல. பிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேலேயே பென்சில் பிடித்துத் தழும்பை மறைத்தார்கள். அதற்குத் தேர்ந்த கை வேண்டும், பொறுமை வேண்டும். கம்ப்யூட்டரில் படத்தை மாற்றுவதும் முதலில் பெரிய இடத்து வேலைதான். 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்கு அடங்கவில்லை என்று கிசா பிரமிடுகளை நெருக்கி வைத்த நேஷனல் ஜியாகிரபிக் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 1990இல் நோல் சகோதரர்களின் போட்டோஷாப்பை அடோபி வெளியிட்டது, 1994இல் படத்தை அடுக்கடுக்காக வைத்துத் திருத்தும் லேயர் வந்தது. அதன்பிறகு மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்றானது. என் சோறும் அதில்தான்.

ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். மாநிறத்து மணப்பெண். மற்ற இடம் மாறாதபடி முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கோட்டை நடுவில் மேலே இழுக்கிறார் தம்பி. முகம் வெளுக்கிறது, கழுத்து அப்படியே நிற்கிறது. கழுத்தையும் சேர்த்து இழுத்தால் ஆரத்தின் தங்க மஞ்சள் வெளிறிப்போகிறது. மருதாணிக் கை மட்டும் வேறொருத்தியின் கைபோலத் தெரிகிறது. அடுத்து ஸ்கின் ஸ்மூத். கன்னத்தில் தோலே இல்லை, மெழுகு. மூக்கோரத்து மச்சத்தை ஹீலிங் பிரஷ் விழுங்கியிருக்கும். அம்மாவிடமிருந்து வந்த மச்சமாக இருக்கும் அது!

"பிரிண்ட்ல கருப்பா விழுதுண்ணே" என்பார்கள். விழத்தான் செய்யும். மானிட்டர் தானே ஒளிர்வது, தாள் அப்படியில்லை. பிரைட்னஸை உச்சத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் எந்தப் படமும் இருட்டாகத்தான் வரும். மானிட்டரைக் குறையுங்கள், பிரிண்டரில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் புரொஃபைல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். மதிய வெயிலில் கண்ணுக்குக் கீழே விழுந்த நிழலைத் தூக்குவது நம் வேலை. ஆளின் நிறத்தை மாற்றுவது அதில் சேராது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. விளம்பரத்தில் மாடலின் உடலைத் திருத்தி மெலிய வைத்தால் 'திருத்திய படம்' என்று போட வேண்டும் என பிரான்ஸில் 2017 முதல் விதி உண்டு. அது நிறத்தைத் தொடவில்லை. இங்கே விளம்பரத் தர மன்றம் 2014இல் சிவப்பழகு கிரீம் விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுத்தது. கல்யாண ஆல்பத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

வாடிக்கையாளர் பார்த்துச் சொல்வதற்கான முதல் புரூஃபை உள்ள நிறத்திலேயே அனுப்புங்கள். வெளுக்கச் சொன்னால் அப்போது பேசிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுக்களில், ஒரே கிளிக்கில் முகத்தை வெளுக்க வைக்கும் 'ஃபேர் ஸ்கின்' ஆக்‌ஷன் ஃபைல்களைப் பகிரும் சீனியர்களே, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, கர்வ்ஸில் எந்தப் புள்ளியைத் தொட்டால் எது மாறுகிறது என்று காட்டிக்கொடுங்கள்.